காலால் கேட்ட கிட்டார்

பழைய சுவீடன் டெத் மெட்டல் பாட்டுகளில் கிட்டார் மரம் அறுக்கும் மடுவத்து ரம்பம் மாதிரி உறுமும். அந்தச் சத்தத்துக்காகப் பைத்தியமாக அலைந்தேன். றக்வானத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில் இருந்துகொண்டு இந்த ஆசையா என்று கேட்காதீர்கள். ஆசைக்குத் தோட்டம், டவுன் என்று தெரியுமா? கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் பழைய பெடலும், அதைப் பெருக்கும் சின்ன ஆம்ப்பும்தான் என் சொத்து. கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கி, பெடலின் நான்கு குமிழ்களையும் கடைசிவரை திருகினேன். தகர டப்பாவில் வண்டு மாட்டியது போல இரைந்தது. எரிச்சலில் ஆம்ப்பை ஸ்டூலிலிருந்து இறக்கி, காம்பராவின் சிமெண்டுத் தரையில், மூலையில் வைத்தேன். வந்தது பாருங்கள் சத்தம்! தரையே கிடுகிடுத்தது.

அடுத்த காம்பராக்காரர்கள் திட்டினார்கள். அம்மா திட்டவில்லை, அவருக்கு இரண்டு காதும் கேட்காது. அடுப்படியில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் பதித்துச் சிரித்தார்.

"இன்னைக்கு நல்லா உறுமுறியே!"

அடைமழை என்றால் எங்கள் லயத்தில் டிவி, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மண் சரியும் சத்தம் வருகிறதா என்று மலைக்குக் காது கொடுத்திருப்போம். அந்த வாரம் நானும் கிட்டாரைத் தொடவில்லை. மழை சற்று விட்டதும், இனி வாசிக்கலாம் என்று பெடலுக்குப் பேட்டரி வாங்கக் கடைக்குப் போனேன். அம்மா தூங்கியதால் சொல்லிக்கொள்ளவில்லை.

கடை வாசலில் நிற்கும்போதே மலை உறுமியது. லயத்து ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடி வந்தார்கள். அம்மாவைக் காணோம்.

"முன்னாடியே வந்துட்டாங்கன்னு நெனச்சோமே தம்பி!" என்று அடுத்த காம்பரா அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே ஓடினேன். லயத்துக்கு மேலே தேயிலை மலை வேரோடு இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்படியில் நிதானமாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். வாசலில் என்னைக் கண்டதும் அவர் கை நின்றது.

"நீ இங்க நிக்கிற. அப்ப காம்பராவுல வாசிக்கிறது யாரு?"

அவரை அள்ளிக்கொண்டு ஓடினேன். மண் லயத்தின் கடைசிக் காம்பராக்களை மூடிவிட்டு நின்றது. எங்களுடையது தப்பியது. வேறு வீடு தருவதாகத் தோட்ட நிர்வாகத்தில் சொன்னார்கள். இன்னும் அதே காம்பராவில்தான் இருக்கிறோம்.

இப்போது நான் கம்பியைத் தட்டினாலே அம்மா போட்டது போட்டபடி ஓடி வருகிறார். என் கை கம்பியில் இருப்பதைப் பார்த்த பிறகுதான் திரும்பிப் போகிறார். அதைப் பார்ப்பதற்கு முன் அவர் முகம் இருக்கும் நிலையைக் கண்டால், எனக்கு வாசிக்கவே பயமாக இருக்கிறது.