பண்ட்டி வைத்த செலவு

தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தின் முனையில் மீனாட்சியம்மாள் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். சேலைக்கு ஃபால் தைப்பாள், பீக்கோ போடுவாள். அதைத் தவிர எதையும் தொட மாட்டாள். யாராவது பிளவுஸ் துணியை நீட்டினால், "இங்க இறுக்குது, அங்க தொங்குதுன்னு நீங்க சொல்லுவிய, நான் கேட்டுக்கிட்டு இருக்கணும். எனக்குப் பொறுமை கெடையாதும்மா" என்று அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவாள். பொறுமை இல்லாதவள்தான். ஆனால் சீட்டு விஷயத்தில் மட்டும் அந்தப் பொறுமை எங்கிருந்து வந்து தொலைத்ததோ தெரியாது.

சந்தில் ஏலச்சீட்டு நடத்துகிறவள் நுஸ்ரத். கைப்பைப் பட்டறை ஜெயினுலாப்தீனின் மனைவி. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டில் எல்லாரும் கூடுவார்கள். அவசரக்காரர்கள் போட்டி போட்டுத் தள்ளுபடி கேட்பார்கள், அதிகம் விட்டுக்கொடுக்கிறவர் மீதிப் பணத்தை எடுத்துக்கொண்டு போவார். மீனாட்சியம்மாள் டீயைக் குடித்துவிட்டு, வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிடுவாள். கடைசி மாதம் மட்டும் தள்ளுபடியே இல்லாமல் முழுப் பணமும் வரும் அல்லவா, அது எப்போதும் அவளுக்குத்தான். எத்தனை சீட்டு முடிந்தாலும் இதே கதை. அதனால் அவளுக்குப் பேரே கடைசிச் சீட்டு என்று ஆகிவிட்டது. அந்தப் பேரில் அவளுக்கு ரொம்பப் பெருமை. இந்தத் தடவை ஐம்பதாயிரம் முழுசாக வந்ததும் மோட்டார் வைத்த ஓவர்லாக் மிஷின் ஒன்று வாங்குவதென்று குர்லாவில் ஆள் பிடித்து விலைகூடப் பேசி வைத்திருந்தாள்.

புருஷன் பூதத்தான் இறந்துபோன மாதத்தில்கூட அவள் சீட்டைக் கேட்கவில்லை. கேட்க எங்கே நேரம் இருந்தது? காலையில் பால் வாங்கப் போன மனுஷன் கடை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரிக்‌ஷாவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளாளுக்கு ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "கொடுத்து வச்சவிய. யாருக்கும் ஒரு பைசா செலவு வைக்காமப் போயிட்டாவ." மீனாட்சியம்மாளும் எல்லாருக்கும் தலையை ஆட்டினாள்.

அதற்கப்புறம் வந்து ஒட்டிக்கொண்டவன்தான் பண்ட்டி. செம்பட்டை நிறத் தெருநாய், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். மிஷினின் மிதிகட்டைக்குப் பக்கத்தில் தலையை வைத்துத்தான் படுப்பான். சேலை கொடுக்க வருகிறவர்களை ஒன்றும் செய்ய மாட்டான், பேரம் பேசினால் மட்டும் உறுமுவான் என்று மீனாட்சியம்மாள் சொல்லிக்கொள்வாள். அவளே காலால் இடித்து உறும வைக்கிறாள் என்று சந்தில் ஒரு பேச்சு உண்டு.

அந்த பண்ட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயில் எச்சில் ஒழுகியது. முதுகை வளைத்துக்கொண்டு நின்றான், வாந்தி எடுத்தான், மறுபடி நின்றான். படுக்க வைத்தால் முனகினான். மீனாட்சியம்மாள் அவனைப் பழைய சேலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். நாயைப் பார்த்ததும் ரிக்‌ஷாக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். டபுள் பைசா தருகிறேன் என்று கத்திய பிறகுதான் ஒருத்தன் நின்றான்.

செம்பூரில் நாய் ஆஸ்பத்திரி. சின்ன வயசு டாக்டரம்மா, மராத்திக்காரப் பெண். எக்ஸ்ரே எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"மௌசி, பேட் மே சூயி ஹை."

வயிற்றில் ஊசி. மீனாட்சியம்மாளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பளிச்சென்று வெள்ளைக் கோடாக, காது ஓட்டையோடு தெரிந்தது அவளுடைய ஊசியேதான். முந்தின நாள் மதியம் சாளை மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, கையை அரைகுறையாய்த் துடைத்துக்கொண்டு ஃபால் தைக்க உட்கார்ந்தவள், நடுவில் ஊசியைக் காணாமல் தேடினாள். கயிற்றில் கட்டின காந்தத்தைத் தரை முழுக்க இழுத்துப் பார்த்தாள். அகப்படவில்லை. சனியன் எங்கே போனதோ என்று வேறு ஊசி எடுத்துக்கொண்டாள். மீன் வாசம் பிடித்த நூலை இந்த மடையன் ஊசியோடு சேர்த்து விழுங்கியிருக்கிறான். பாவி நான்தானே வாயில் கொடுத்த மாதிரி ஆச்சு என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நாளைக் காலையில் சர்ஜன் வருவார், அதுவரை டிரிப் ஏற்றுகிறோம், அதற்கு மேல் தள்ளிப்போட்டால் ஊசி குடலைக் கிழித்துவிடும் என்றாள் டாக்டரம்மா. எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்தாயிரம். ஆபரேஷனுக்கு முன்னால் கட்டிவிட வேண்டும்.

வீட்டில் இருந்தது ஐயாயிரம். காதில் கிடப்பது கவரிங். கோபர்கைரனேயில் கட்டிக்கொடுத்த மகளிடம் கேட்கலாம்தான். கேட்டால் மருமகன் காதுக்குப் போகும். நாய்க்கு என்று மருமகனிடம் சொல்ல நாக்கு எழும்புமா? அன்றைக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை என்பது ரிக்‌ஷாவில் திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சாயங்காலம் நுஸ்ரத் வீட்டில் ஏலம் ஆரம்பித்ததும், "அஞ்சாயிரம் தள்ளி எடுத்துக்கிடுதேன்" என்றாள் மீனாட்சியம்மாள். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டீ ஊற்றிக்கொண்டிருந்த நுஸ்ரத் அப்படியே நின்றாள்.

வேல்ராஜ் மட்டும் அசரவில்லை. அவன் வாடகை ரிக்‌ஷா ஓட்டுகிறவன், சொந்த வண்டிக்கு முன்பணம் கட்டத் துடித்துக்கொண்டிருந்தான். "ஏழு" என்றான்.

"எட்டு."

"ஒம்பது."

"பத்து" என்றாள் மீனாட்சியம்மாள். அதற்கு மேல் போனால் ஆபரேஷனுக்குக் காசு பத்தாது.

"பத்தரை" என்றான் வேல்ராஜ், மீசையைத் தடவிக்கொண்டு.

மீனாட்சியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நுஸ்ரத் கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"எக்கா, என்ன விஷயம்? யாருக்கும் மேலுக்குச் சொகமில்லையா?"

ஆஸ்பத்திரிச் செலவு என்று ஒருவர் வந்து நின்றால் மற்றவர்கள் ஏலம் கேட்கக் கூடாது. பேருக்கு ரெண்டாயிரம் கழித்துக்கொண்டு சீட்டை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்தச் சீட்டில் ஆரம்பத்திலிருந்தே இதுதான் வழக்கம். வாயைத் திறந்து சொன்னால் போதும். ஆனால் இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? தனக்குத்தான் என்று பொய் சொல்லலாமா என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றாமல் இல்லை. அப்படிச் சொன்னால் நாளைக்கே ஆப்பிளும் இளநீரும் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள், மானம் போகும்.

"பண்ட்டிக்கு" என்றாள்.

இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் போனில் இருந்த எக்ஸ்ரேயை நீட்டினாள். போன் கைமாறிக் கைமாறிப் போனது, சிரிப்பு நின்றது. ஊசி கையில் குத்தினாலே உயிர் போகிறது, இது வயிற்றுக்குள் இருக்கிறதே என்று யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

"அது சரி மதினி, பாவந்தான்" என்றான் வேல்ராஜ். "ஆனா வழக்கம் மனுசங்களுக்குல்லா? இன்னிக்கு நாயிம்பிய. நாளைக்கு ஒருத்தன் பொறாவத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பான்."

"வரட்டுமே. பொறாவுக்கு எக்ஸ்ரே எடுத்துக் கொண்டாந்தா அன்னிக்குப் பாத்துக்கிடுவோம்" என்றாள் நுஸ்ரத்.

"நீங்களா சொல்லுதிய? பண்ட்டி கிட்ட வந்தாலே முக்காட்டத் தூக்கிக்கிட்டு ஓடுவிய."

"ஆமா, ஓடுவேன். எங்க மார்க்கத்துல அதோட எச்சில் பட்டா ஏழு தரம் கழுவணும், அதுனால ஓடுதேன். அதுக்காவ அது சாவணும்னு எங்க சொல்லியிருக்கு?" நுஸ்ரத் வேல்ராஜைப் பார்த்து விரலை நீட்டினாள். "ஒனக்குக் குடல்வால் வந்து கெடந்தப்ப இந்த அக்காதான் மொத ஆளா, குடுத்துருங்கன்னு சொன்னா. ஆஸ்பத்திரின்னா ஆஸ்பத்திரிதான். படுத்துருக்கது யாருன்னு நான் கேக்க மாட்டேன்."

வேல்ராஜ் கூட்டத்தைப் பார்த்தான். யாரும் அவன் பக்கம் பேசவில்லை. "சரி, எடுத்துக்கிடுங்க. எனக்கென்ன" என்று டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

மறுநாள் ஆபரேஷன் நடந்தது. உள்ளே கொண்டுபோனபோது பண்ட்டி திரும்பி அவளைப் பார்த்தான். அதற்கப்புறம் அவள் பெஞ்சில் உட்காரவே இல்லை. கதவு திறக்கும் போதெல்லாம் ஓடிப் போய் நின்றாள். கடைசியில் டாக்டரம்மா வந்து ஒரு குட்டி பாட்டிலைக் கையில் கொடுத்தாள். உள்ளே ஊசி, அதில் கொஞ்சம் பச்சை நூல். "ஜிந்தா ஹை, மௌசி" என்றாள். மீனாட்சியம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிழைத்துவிட்டது என்று சொன்னதற்கு இந்தம்மா ஏன் அழுகிறாள் என்று டாக்டரம்மா முழித்தாள்.

வீட்டுக்குக் கூட்டிவர வேல்ராஜே ரிக்‌ஷாவைக் கொண்டுவந்தான். மீட்டர் போடவில்லை. பண்ட்டி கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு அவள் மடியில் கிடந்தான். சயான் சிக்னலில் வண்டி நின்றபோது வேல்ராஜுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மதினி, தப்பா நெனைக்காதிய. மிஷினும் போச்சு, கடைசிச் சீட்டுங்குற பேரும் போச்சு. ஒரு நாய்க்குப் போயி இம்புட்டுச் செலவான்னு வருத்தமா இல்லயா?"

மீனாட்சியம்மாள் பண்ட்டியின் நிமிர்ந்த காதை நீவிக்கொண்டிருந்தாள்.

"ஒங்க அண்ணன் செலவே வைக்காமப் போயிட்டாவன்னு எல்லாரும் சொன்னிய. நீயும் சொன்ன. எனக்கு அது எப்படி இருந்துச்சு தெரியுமா? ஒரு மாத்திர வாங்கிக் குடுத்தேனா, ஒரு நாளு ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்தேனா? ஒண்ணுமில்ல. கையில காசு இருந்துச்சு வேலு, செலவு பண்ணத்தான் அவிய விடல. இவன் விட்டான்."

சிக்னல் பச்சையாகிப் பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் வேல்ராஜ் வண்டியை எடுத்தான்.

ரிக்‌ஷா சந்து முனைக்கு வந்ததும் பெண்கள் கூடிவிட்டார்கள். நுஸ்ரத் மட்டும் நாலடி தள்ளி நின்று, கறியை வேகவைத்து வடித்த சூப்பை எட்டி நீட்டினாள். எவ்வளவு ஆச்சு, எவ்வளவு ஆச்சு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒரு ரூபாய் விலை ஏறினாலும் ஊரைக் கூட்டிப் புலம்புகிற மீனாட்சியம்மாள், கேட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்.

"நாப்பத்தஞ்சாயிரம். நல்லாச் செலவு வச்சுட்டான், படுபாவி."