துப்பிய காபி

காபியை உறிஞ்சி, வாய்க்குள் கொப்பளித்து, டம்ளரில் துப்புகிறவர்களை எங்கள் கொல்லிமலையில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. காபியை ருசி பார்த்துத் தரம் சொல்லப் பட்டணத்திலிருந்து காரில் வந்திருந்த மூன்று பேர். எங்கள் வாசலில் மேசை போட்டுத் தூளைத் தராசில் நிறுத்தார்கள், வெந்நீரின் சூட்டைக் கருவி வைத்துப் பார்த்தார்கள். காபி போட இத்தனை ஆர்ப்பாட்டமா என்று வாய்க்குள் சிரித்துக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் நாற்று கொடுத்ததும் அவர்கள்தான். இயற்கையிலேயே கஃபீன் குறைந்த ரகமாம். குடித்தால் படபடப்பு வராதாம், தூக்கம் கெடாதாம். தூங்க நினைப்பவன் எதற்குக் காபி குடிக்கிறான்? சும்மா கிடைத்ததே என்று மிளகுக்கொடிகளுக்கு நடுவே ஒரு மூலையில் நட்டேன். வளர்ந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டாம். இடுப்புக்கு மேல் எழும்பவே அதற்கு ஆயாசம். வண்டும் மற்ற செடிகளை விட்டுவிட்டு இதையே தேடி வந்து துளைத்தது.

என் மனைவி மட்டும் அந்த மூலைக்கு மறக்காமல் தண்ணீர் ஊற்றினாள். நெஞ்சு படபடப்புக்காக டாக்டர் அவளைக் காபியை விடச் சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் குடித்துவிட்டு வைக்கும் டம்ளரை ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் கழுவுவாள்.

இந்த முறை களத்தில் கொட்டை காய்ந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பழைய காபியையும் இந்த ரகத்தையும் ஒரே குவியலாகக் கூட்டித் தார்ப்பாயைப் போட்டு மூடினேன். அப்புறம் எப்படிப் பிரிப்பது? எல்லாம் காபிக்கொட்டைதானே என்று அதிலேயே ஒரு மூட்டை கட்டி, இதுதான் உங்கள் ரகம் என்று கொடுத்துவிட்டேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அதைத்தான் அவர்கள் வறுத்து அரைத்துத் துப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணை மூடி, ஆரஞ்சுத் தோல் வாசம் என்றார். கூட வந்த பெண், "நெஞ்சு படபடப்பு இருக்கிறவங்ககூட இதப் பயமில்லாம குடிக்கலாம்" என்றாள். இதுதானா உங்கள் நாக்கு என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மிளகுக்கொடிப் பக்கம் போய்த் தனியாக நின்று சிரித்துத் தீர்த்துவிட்டு வந்தேன்.

திரும்பியபோது மனைவி படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலி டம்ளர்.

"ரெண்டு டம்ளர் குடிச்சேனுங்க" என்றாள். இரண்டு வருடமாக நான் பார்க்காத முகம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அவர்கள் எதிரில் மானம் போய்விடும் என்று பேசாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் வியர்த்தது. வந்தவர்கள் மேசையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவளைக் காரில் ஏற்றினார்கள். மலைக்குக் கீழே சேந்தமங்கலம் ஆஸ்பத்திரி வரைக்கும், அத்தனை வளைவுகளிலும், அந்தப் பெண்தான் அவளைச் சாயாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். என்ன குடித்தாள் என்று டாக்டர் கேட்டபோது, காபி என்று மட்டும் சொன்னேன்.

படபடப்பு அடங்கிய பிறகு சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்பினோம்.

"ஏனுங்க, அவங்க பேச்ச நம்பிக் குடிச்சேன் பாருங்க. சுத்தப் பொய்க்காரங்க" என்றாள்.

"ஆமா கண்ணு" என்றேன்.

அந்தச் செடிகள் இனி கண்ணில் படக்கூடாது என்றாள். அவள் பயமில்லாமல் குடித்திருக்கக்கூடிய காபி அவற்றில்தான் காய்த்தது. மறுநாள் காலையில் ஒன்று விடாமல் நானே பிடுங்கிப் போட்டேன்.