கோட்டு போட்ட படம்

நர்ஸ் வேலை கற்க வந்த இருபது வயசு ஐரினுக்கும், படுத்த படுக்கையாகக் கிடந்த ரிட்டயர்டு போஸ்ட்மேன் ஃபிராங்க்ளினுக்கும், வார்டு உப்புமாவைச் சேர்ந்து திட்டியதில்தான் சிநேகம் பிடித்தது.

மாசக்கணக்கில் எட்டிப் பார்க்காத மகன் ஒருநாள் போட்டோகிராஃபரோடு வந்து, ஆஸ்பத்திரிச் சட்டை மேலேயே அப்பாவுக்குக் கோட்டு மாட்டினான். எதற்கென்று புரிந்ததும் ஐரின் கட்டிலருகே வந்து நின்றாள்.

“கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குத்தானடா? ஐரின் என் தோள் மேல கை போடணும். இல்லைன்னா வாயைக் கோணிப்பேன்,” என்றார் கிழவர். அவள் அவர் தோளைச் சுற்றிக் கை போட்டாள். அவர் சிரித்தார்.

இரண்டே வாரத்தில், அவர் வீடிருந்த லிங்கராஜபுரத்துச் சுவரெல்லாம் போஸ்டர். அப்பா பேரைவிடப் பெரிய எழுத்தில் ‘அன்பு மகன்’ பேர். அந்த எச்சக்கலை, படத்திலிருந்து அவளை வெட்டி எறிந்திருந்தான்.

கிழவரின் தோளில் இருந்த அவளுடைய நாலு விரலை மட்டும் அவனால் வெட்ட முடியவில்லை.