பேட்டரி முனையில் வைத்த சந்தனம்

எங்கள் அண்ணன் அவர்கள் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். நாலு தடவை திருத்தியும் பயமாகவே இருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் காரைக்காலை அடுத்த நெரவியில் பிறந்தார்கள். அப்பா தவறியதும் நாகப்பட்டினத்துப் பட்டறை ஒன்றில் சேர்ந்து, கார் ஒயரிங் கற்று, எழுபதுகளில் காரைக்காலில் சொந்தமாகக் கொட்டகை போட்டார்கள். தங்கையைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தன் கல்யாணத்துக்குச் சம்மதித்தார்கள்.

கோளாறு பார்க்கக் கையில் ஒரு பல்பும் இரண்டு ஒயரும்தான் வைத்திருப்பார்கள். பல்பு எரியாத இடம் வரை தேடிப் போவார்கள். பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார்கள். ஒரு சனிக்கிழமை திருநள்ளாறு போய்த் திரும்பிய வெளியூர்க் குடும்பத்தின் காரில், இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அலறியது. பரிகாரத்தில் குறையோ என்று அந்த அம்மா அழுதார்கள். அண்ணன் ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, “சனீஸ்வரன் மேல பழி போடாதீங்கம்மா. ஒயர் தேஞ்சிருக்கு” என்றார்கள்.

சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு முன் அண்ணனுக்கு அடிக்கடி நெஞ்சை அடைத்தது. வெறும் வாயு என்று அண்ணன் சொன்னார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. நாங்கள் வாடகைக்கு ஓட்டிய அம்பாசிடரைக் கழுவிப் பொட்டு வைப்பது என் வேலை. எங்கே வேண்டுமானாலும் வை, பேட்டரி முனையில் மட்டும் வைக்காதே, கரண்ட் பாயாது என்று அண்ணன் வருடா வருடம் சொல்வார்கள். அந்த வருடம் ஓர் இடத்தை விட்டாலும் அண்ணனுக்குத்தான் ஆகாதோ என்று பயந்து, ஒயர் மாட்டும் டெர்மினலைக் கழற்றி, முனையில் சந்தனம் அப்பி, மறுபடி மாட்டிவிட்டேன்.

மறுநாள் காலை அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்கள். பின் சீட்டில் படுக்கவைத்தோம். அண்ணி துணிமணி எடுக்க உள்ளே போனார்கள். சாவியைத் திருப்பினேன். டிக் என்றது, அவ்வளவுதான். தள்ள ஆள் கூப்பிட இறங்கினேன்.

“லைட்டப் போட்டுட்டுத் திருப்புடா” என்றார்கள் அண்ணன், படுத்தபடியே.

திருப்பினேன். லைட் அப்படியே அணைந்தது.

“டெர்மினல்தான். முனையில சந்தனம் வச்சியா?”

“வச்சேண்ணே.”

“சரி. சுரண்டிட்டு மாட்டு. பதறாதடா, ஸ்பேனர் நழுவும்.”

இரண்டு தடவை நழுவியது. காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி மாட்டிக் கிளம்பக் கால் மணி நேரம் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் எங்கள் தாய்மாமா, ஏன் இவ்வளவு நேரம் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டிலிலிருந்து அண்ணன் சொன்னார்கள்: “பேட்டரி பழசு மாமா. நான்தான் மாத்தாம விட்டுட்டேன்.”

அன்று சாயந்திரமே போய்விட்டார்கள்.

அந்தக் கால் மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்று டாக்டரிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் தோளைத் தட்டினார்.

அன்று ஓடி வந்து உதவிய எங்கள் தருமபுரத்து வீட்டு அக்கம்பக்கத்தாருக்கும், டாக்டருக்கும், கடைசி வரை கூட நின்ற உறவினர் நண்பர் எல்லோருக்கும் கை கூப்பி நன்றி சொல்கிறேன்.

அண்ணி, மாமா, நீங்கள் இருவரும் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வண்டிக் கோளாறில் அண்ணன் சொன்ன ஒரே பொய், அன்று ஆஸ்பத்திரியில் சொன்னதுதான். பேட்டரி வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அண்ணனே தன் கையால் மாட்டியது.