இரண்டாவது விட்னஸ்

டைப்பு அக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் யாரும் நிறுத்திக் கேட்க வேண்டாம். ஆனால் அவர் மேசைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான் இருக்கிறது. பதினாறு வருஷமாக அவர் இருமினால் எனக்குக் கேட்கும், நான் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "ஆயுசு நூறு" என்று குரல் வரும். இந்தத் தெருவில் அவரை என்னளவுக்குத் தெரிந்தவன் வேறு யாருமில்லை. தெரிந்தவனின் லட்சணம் என்ன என்பது போகப் போகத் தெரியும்.

எங்கள் தெருவின் ஒரு பக்கம் முழுக்கப் பத்திர ஆபீஸ். எதிர்ப்பக்கம் நோட்டரி வக்கீல்கள், பத்திரம் எழுதுகிறவர்கள், டைப் அடிக்கிறவர்கள், கடைசியில் நான். அக்கா பத்தொன்பது வயதில் அங்கே வந்து உட்கார்ந்தவர். அம்மா முன்பே போய்விட்டார், அப்பா அந்த வருஷம் போனார், கையில் ஏழு வயதுத் தங்கச்சி. பழைய டைப் மிஷினில் ஆரம்பித்து, அது துருப்பிடித்துச் செத்த பிறகு கம்ப்யூட்டருக்கு மாறினார். நாற்காலி உயரம், அக்கா குள்ளம். அதனால் காலுக்கடியில் இரண்டு செங்கல். மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை நூல் கட்டி நிறுத்தியிருப்பார். ஒரு எழுத்துப் பிழை வந்தாலும் முழுப் பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, "மனுஷன் வீட்டை எழுதிக் குடுக்கறான், நாம எழுத்தையாவது ஒழுங்கா குடுக்க வேணாமா?" என்பார். தங்கச்சியைப் படிக்கவைத்து, நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்தார். தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. "ஏன்க்கா நீங்க கல்யாணம் பண்ணிக்கல?" என்று ஒரு தடவை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். "விட்னஸ் கிடைக்கல தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த வரியை அடித்தார்.

ஏ பி சி டி தெரியாதவர்களுக்கும் எங்கள் தெருவில் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை அதுதான். வீடு வாங்க விட்னஸ், விற்க விட்னஸ், உயில் எழுத விட்னஸ், ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு மாலையை மறந்தாலும் விட்னஸை மறக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழிக்கும் முன்னால் நீட்டுகிற தாளிலும் ஒரு மூலையில் விட்னஸ். பஸ் ஸ்டாப்பில் சண்டை வந்தால், "நீங்களே விட்னஸ் சார்!" என்று போகிறவர் கையைப் பிடித்து இழுப்பார்கள், அவர் கையை உதறிக்கொண்டு வராத பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். என் வீட்டுக்காரிகூட, "குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே, பக்கத்து வீட்டம்மா விட்னஸ்" என்பாள். எங்கே சொன்னாலும் ஒரே அர்த்தம்தான்: நடந்ததைக் கண்ணால் பார்த்த ஆள், நாளைக்குக் கேட்டால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டிய ஆள். எங்கள் தெருவில் மட்டும் யாரும் விட்னஸாக இருப்பதில்லை. விட்னஸ் போடுவோம், அவ்வளவுதான்.

பத்திரம் எழுத வருகிறவர்கள் எல்லாவற்றையும் கொண்டு வருவார்கள். போட்டோ, கைரேகை வைக்கப் பெரியவர், அழுகிற குழந்தை, எல்லாம் வரும். விட்னஸ் ரெண்டு பேர் மட்டும் வர மாட்டார்கள். "அக்கா, ஒரு கையெழுத்து" என்பார்கள். அக்கா முதல் விட்னஸ், தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து நான் இரண்டாவது. ஆரம்பத்தில் எழுந்து போய், எழுதிக் கொடுப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போடுவோம். கூட்டம் கூடக்கூட அதற்கும் நேரமில்லாமல் போனது. அப்போது ஒரு யோசனை சொன்ன மகராசன் நான்தான். கடைசிப் பக்கத்தைத் தனியாக அடித்து வைத்துவிட்டால், காலையில் டீ வந்ததும் இருபது தாளில் நாம் இருவரும் கையெழுத்தைப் போட்டு வைத்துவிடலாம், நாள் முழுக்கத் தொந்தரவு இருக்காது என்றேன்.

"பார்க்காம எப்படிப்பா?" என்றார் அக்கா.

"இப்ப மட்டும் என்னத்தைக்கா பார்க்கறோம்? மூஞ்சியைத்தானே பார்க்கறோம்?"

அக்கா ஒரு வாரம் முரண்டு பிடித்தார். அப்புறம் ஒரு நாள் வெளியே வரிசை வாசல் தாண்டி நின்றபோது, "சரி, கொண்டா" என்று பேனாவைத் திறந்தார். அந்தத் தாளில் மேலே காலி இடம். கீழே ஒரு வாக்கியம்: 'எழுதிக் கொடுப்பவர் இப்பத்திரத்தைப் படிக்கக் கேட்டு, பொருள் உணர்ந்து, எங்கள் கண்ணெதிரே கையொப்பமிட்டார்.' அதற்குக் கீழே நாங்கள் இருவர். மேசை இழுப்பறையில் அடுக்கி வைத்திருப்போம். தெருவில் ஒரு தரகர் உண்டு. எதைக் கேட்டாலும் "அவசரம்ணே, அவசரம்" என்பதால் அவர் பெயரே அவசரம். அவர் வந்தால் உரிமையோடு இழுப்பறையைத் திறந்து நாலு தாள் எடுத்துக்கொண்டு போவார். நாங்கள் தலையைக்கூடத் தூக்க மாட்டோம்.

அக்காவின் தங்கச்சி வீட்டுக்காரர் மாரடைப்பில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண்ணோடு தங்கச்சி அந்த வீட்டிலேயே இருந்தார். ஒரு நாள் காலை, டீ டம்ளர் மேசையில் இருக்கும்போதே, கையில் ஒரு நகலோடு வந்தார். வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கணவரின் அண்ணன் வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறாராம். கூடவே இந்த நகல்.

"என்னக்கா இது? வீட்டுல எனக்குப் பங்கு வேணாம்னு நானே எழுதிக் குடுத்திருக்கேனாம். நான் எப்ப குடுத்தேன்?"

"கையெழுத்து உன்னுதாடி?"

"என்னுதுதான். அவர் போன பதினஞ்சாம் நாள், கரண்ட் கனெக்‌ஷன் பேர் மாத்தணும்னு அவரோட அண்ணன் நாலு பேப்பர் நீட்டினாரு. அழுதுகிட்டே போட்டேன். யாரும் எதையும் படிச்சுக் காட்டலக்கா."

அக்கா பக்கம் பக்கமாகப் புரட்டினார். தடுப்பின் இடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். வேறு யாராவது என்றால், 'யார் கையெழுத்தோ' என்று மழுப்பியிருப்பார்கள். நான் என்றால் கண்டிப்பாக மழுப்பியிருப்பேன்.

"இது என் கையெழுத்துடி" என்றார் அக்கா.

தங்கச்சி முகத்தில் ஒரு நிமிஷம் சந்தோஷம்தான் வந்தது. "அப்ப நீ அங்க இருந்தியா? எனக்கு ஞாபகமே இல்லியே!"

"நான் இல்ல. நான் எதையும் பார்க்கல."

"பார்க்காம எப்படிக்கா போடுவே?"

அக்கா தலை மேசையைத் தொடும் அளவுக்குக் குனிந்துபோனார். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது, அதுவும் சொந்தப் பயிரை. நான் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போனேன். இரண்டாவது கையெழுத்து என்னுடையது என்று நானே சொன்னேன். அந்த நேரத்தில் எனக்குள் ஏதோ ஒரு வீரம் பொங்கியது. "கவலைப்படாதீங்கம்மா. அக்காவும் நானும் கோர்ட்டுக்கு வந்து, நாங்க பார்க்கலன்னு சொல்றோம். ரெண்டு விட்னஸும் இல்லன்னு சொன்னா அந்தப் பேப்பர் எப்படி நிக்கும்?" என்றேன். தங்கச்சி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் பெரிய மனுஷன் மாதிரி வாங்கிக்கொண்டேன்.

கேஸ் நடந்தது. சம்மன் வந்த மறுநாள், அண்ணன்காரருக்கு அந்தப் பத்திரத்தை முடித்துக் கொடுத்த அவசரம் என் கடைக்கு வந்தார். அன்றைக்கு அவருக்கு அவசரமே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பார்க்கலன்னு சொல்லப் போறீங்களாமே? நல்லது. அப்ப இத்தனை வருஷமா போட்டதெல்லாம் என்னன்னு அடுத்த கேள்வி வரும். பொய்யா விட்னஸ் போட்டா உள்ள தூக்கி வைக்கலாம், தெரியுமில்ல? கடை லைசென்ஸ் வேற இந்த மாசம் புதுப்பிக்கணும் போல?"

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரி சோறு போட்டுக்கொண்டே, "எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் கூடச் சேர்ந்து காயணும்?" என்றாள். அவளைக் குறை சொல்லவில்லை. பயம் என்னுடையது.

ஆனாலும் கோர்ட்டு வாசல் வரைக்கும் உண்மையைச் சொல்லும் எண்ணத்தில்தான் போனேன். நம்ப மாட்டீர்கள், போகட்டும்.

அக்காவை முதலில் கூப்பிட்டார்கள். கூண்டின் கட்டை அவர் கழுத்துவரைக்கும் வந்தது. தங்கச்சியின் வக்கீல் கேட்டதற்கு, "நான் பார்க்கல சார், முன்னாடியே போட்டு வச்ச கையெழுத்து" என்று கணீரென்று சொன்னார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"அம்மா, இந்த மாதிரி பார்க்காம எத்தனை பத்திரத்துல போட்டிருப்பீங்க?"

"எண்ணல சார்."

"ஆயிரம்?"

"இருக்கும்."

"அதுல எழுதிக் குடுத்தவங்களை எல்லாம் கண்ணெதிரே பார்த்ததா எழுதியிருக்கே. அப்ப உங்க கண்ணு எங்க இருந்துச்சும்மா?"

ஹாலில் சிரிப்பு வெடித்தது. வாசலில் நின்ற போலீஸ்காரர்கூடச் சிரித்தார். அக்கா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, "டைப் அடிக்கறதுல இருந்துச்சு சார். தப்புதான். அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்" என்றார்.

அடுத்தது நான். ஜெயிலுக்குப் பயந்தேனா, லைசென்ஸுக்குப் பயந்தேனா என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் இல்லை. அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். நாலு பேர் என்னைப் பார்த்து அப்படிச் சிரிக்கப் போகிறார்கள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தூ, இதெல்லாம் ஒரு காரணமா? ஆனால் அதுதான் காரணம்.

தங்கச்சியின் வக்கீல் நம்பிக்கையோடு, "இந்தம்மா கையெழுத்துப் போட்டதை நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"பார்த்தேன் சார்."

அவர் காது கேட்காதவர் மாதிரி மறுபடி கேட்டார். நான் மறுபடி சொன்னேன். அதோடு விட்டேனா? யாரும் கேட்காமலே, "படிச்சுக் காட்டினாங்க சார். அந்தம்மா புரியுதுன்னு தலையை ஆட்டினாங்க" என்று சேர்த்துச் சொன்னேன். பொய் சொல்ல வாயைத் திறந்துவிட்டால் அது தானாகவே கை கால் முளைத்து நடக்கிறது. பின் பெஞ்சில் தங்கச்சி எழுந்து நின்றுவிட்டார். அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தது. எங்களுக்கு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை, அவர்களுக்கு எதிராக வந்தது. முதல் சாட்சி உடன்பிறந்தவர், தங்கையைக் காப்பாற்றப் பேசுகிறார். இரண்டாவது சாட்சிக்கு எந்தத் தரப்போடும் உறவில்லை, அவர் சொல்வதை நம்பாமலிருக்கக் காரணமில்லை என்று நீதிபதி எழுதியிருந்தார். நல்ல மனிதர், என்னை நம்பிவிட்டார்.

மறுநாள் அக்கா வழக்கம்போல வந்து செங்கல்லின் மேல் காலை வைத்து உட்கார்ந்தார். நோட்டரி வக்கீல்கள் அவரிடம் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மனுவும் வேலை விண்ணப்பமும்தான் அடிக்கிறார் இப்போது. யாராவது விவரம் தெரியாமல் வந்து விட்னஸ் கேட்டால், "பார்த்தவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார். ஒரு மாதம் பொறுத்து, வார்த்தைகளை எல்லாம் சேர்த்துக்கொண்டு தடுப்பைச் சுற்றிப் போய் நின்றேன்.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க."

"எங்கிட்ட ஏன் கேக்கறே தம்பி? வீடு என்னுதா?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. தம்பி என்று சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

போன வாரம் தங்கச்சியே என் கடைக்கு வந்தார். அப்பீல் போடுகிறார்களாம், கேஸ் கட்டு மூன்று செட் வேண்டும். தெருவில் வேறு ஜெராக்ஸ் கடை இல்லை. கட்டை வாங்கி ஒவ்வொரு தாளாகக் கண்ணாடி மேல் வைத்தேன். பத்திரம் வந்தது, நோட்டீஸ் வந்தது, அக்காவின் சாட்சியம் வந்தது. அதற்கு அடுத்து என்னுடையது. கை நின்றுவிட்டது.

"அம்மா, மேல்கோர்ட்டுல என்னைக் கூப்பிடச் சொல்லுங்க. நான் வந்து நடந்ததைச் சொல்லிடறேன்" என்றேன்.

"அங்க ஆளைக் கூப்பிட மாட்டாங்களாம்ணே. எழுதியிருக்கிற பேப்பரை மட்டும்தான் பார்ப்பாங்களாம், வக்கீல் சொன்னாரு" என்றார். அண்ணே என்றுதான் சொன்னார். குத்தலாகச் சொல்லவில்லை, பழக்கத்தில் வந்தது.

நான் மூன்று செட்டையும் போட்டு அடுக்கிக் கொடுத்தேன். அவர் நின்ற இடத்திலேயே தாள் தாளாகப் புரட்டிச் சரிபார்த்தார். ஒரு தாளை மட்டும் உருவி என்னிடம் திருப்பி நீட்டினார்.

"இந்தப் பக்கம் மங்கலா இருக்குண்ணே. கொஞ்சம் அழுத்தமா போட்டுக் குடுங்க."

மிஷினில் கறுப்பைக் கூட்டி வைத்து, என் சாட்சியத்தை மறுபடியும் மூன்று பிரதி போட்டுக் கொடுத்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்திருந்தது.