ஒச்சம்மாள் காட்டில் குருத்து ஈ

ஒச்சம்மாளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. டீ குடிப்பதும் நின்றுகொண்டுதான். அப்படிப்பட்டவளை ஒரு ஈ பிடித்து ஆட்டு ஆட்டு என்று ஆட்டியது. அதுவும் வீட்டு ஈயில் பாதிகூட இருக்காத பொடி ஈ.

திருமங்கலத்துக்கு மேற்கே கரிசல் காட்டில் ஒச்சம்மாள் பெயருக்கு ஒரு ஏக்கர் பதிவாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்கு முன்பு அவள் வம்சத்தில் யாருக்கும் ஒரு பிடி மண் சொந்தமில்லை. அடுத்தவர் புஞ்சையில் விதைத்து, அடுத்தவர் புஞ்சையில் அறுத்தே காலம் தள்ளிய குடும்பம். மதுரை காளவாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் பால்பாண்டி, பத்திரம் கைக்கு வந்த அன்று அதை நெஞ்சில் வைத்துக்கொண்டே தூங்கினான். ஒச்சம்மாளுக்குத்தான் வாய் வரவில்லை. யாராவது கேட்டால் "அந்த ரோட்டோரத்து எடம்" என்பாள். "எங் காடு" என்று சொல்ல என்னவோ கூச்சம்.

புரட்டாசியில் மழை கொட்டியது. ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும் என்று ஊரே காட்டில் இறங்கியது. பக்கத்துக் காட்டுச் சங்கிலி, "ஏத்தா ஒச்சம்மா, விதைக்க வாரியா?" என்று கூப்பிட்டார்.

"வாரேண்ணே" என்றாள். அடுத்தவர் கூப்பிட்டார், அங்கும் போனாள். கூப்பிட்டால் போவது சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். ஊரார் காடெல்லாம் முளைத்துப் பச்சை காட்டிய பிறகு, அடுத்த மழைக்குத்தான் தன் காட்டில் சோளம் விதைத்தாள். சொந்த நிலத்துக்காரி செய்கிற காரியமா இது? கேட்கிற யாருக்கும் பற்றிக்கொண்டுதான் வரும்.

குருத்து ஈக்கு இதைவிட என்ன வேண்டும்? முந்தி விதைத்த காடுகளில் பெருகிய ஈ, இளம்பயிரைத் தேடி இங்கே வந்துவிட்டது. இலைக்கு அடியில் முட்டை வைத்தது. பொரிந்த புழு தண்டுக்குள் இறங்கி நடுக்குருத்தை அறுத்தது. ஒருநாள் காலையில் பார்த்தால், சுற்றி இலைகள் பச்சையாக நிற்க நடுக்குருத்து மட்டும் காய்ந்திருந்தது. லேசாக இழுத்தாள். கையோடு வந்துவிட்டது. அடியில் அழுகல் நாற்றம்.

அன்றோடு அவளுக்குத் தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. கருவாட்டை நசுக்கிச் சட்டியில் வைத்தால் ஈ வந்து விழும் என்றார் உரக்கடைக்காரர். வைத்தாள். ஈ வந்தது, கூடவே ஊர் நாயெல்லாம் வந்தது. ஈ அழித்தது போக மிச்சமிருந்த பயிரை நாய்கள் மிதித்தன. மறுபடியும் கடைக்கு ஓடினாள்.

"நல்லவேளை, அடர்த்தியா வெதச்சேன்னு சொல்றீங்க. புடுங்குனாலும் பயிரு மிஞ்சும். குருத்துக் காஞ்ச செடியெல்லாம் உடனே புடுங்கி எரிச்சிருங்க. உள்ள இருக்க புழு ஈயாயிருச்சுன்னா மிச்சமும் போயிரும்" என்றார் அவர்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் காட்டில் குனிந்துவிட்டாள். வரப்பில் சங்கிலி வந்து நின்றார்.

"ஏத்தா, நம்ம காட்டுல களை மண்டிக் கெடக்கு. வா."

"வாரே..." என்று வாய் தானாகச் சொல்லப் போயிற்று. கையிலிருந்த செத்த குருத்தைப் பார்த்தாள். "இல்லண்ணே. இன்னைக்கு வரல."

"ஓகோ, பண்ணையாரம்மாவுக்கு வேலை அம்புட்டு இருக்கோ? இனிமே உன்னையக் கூப்பிட்டா என்னன்னு கேளு!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஒச்சம்மாள் நிமிர்ந்து அவர் போவதையே பார்த்தாள். பின்னாலேயே ஓடி, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நாளைக்கு ஒருத்தரும் கூப்பிடாமல் போனால்? பயமாகத்தான் இருந்தது. ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒற்றை ஆளாகப் பிடுங்கினால் இன்றைக்குப் பாதிக் காடுகூட முடியாது.

கையைச் சேலையில் துடைத்துவிட்டு, எப்போதும் தன்னோடு கூலிக்கு வரும் முத்துமீனாவுக்கு போன் போட்டாள்.

"என்னக்கா, இன்னைக்கு யாரு காட்டுக்கு?" என்றாள் முத்துமீனா வழக்கம்போல.

 இதுவரை ஒச்சம்மாள் யாரையும் வேலைக்குக் கூப்பிட்டதில்லை.

"எங் காட்டுக்கு" என்றாள். "வாரியா?"