கஞ்சாச் செடியில் செம்பரத்தம் பூ

லண்டன் ஈஸ்ட் ஹாம் வீட்டின் பின்வளவில், குருவிகளுக்குத் தீனி போட்ட இடத்தில் முளைத்த செடியைப் புளிச்சகீரை என்றே நம்பிக் கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றினேன். அது எண்பதுகளின் கடைசி. என் அகதி வழக்கு முடியவில்லை.

கூட இருந்த நண்பன் இலையைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணை, இது கஞ்சா! குருவித் தீனியில கிடந்த விதை. பக்கத்து வீட்டில பொலிஸ்காரன் வேற."

"பிடுங்கட்டோ?" என்றேன்.

"பிடுங்கி எங்க போடப் போறியள்? குப்பை வாளியிலயோ?"

பிடிபட்டால் நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பார்க்கிறவர்கள் பூச்செடி என்று நினைக்கட்டும் என்று, சாமிப் படத்திலிருந்த பிளாஸ்டிக் செம்பரத்தம் பூக்களைக் கழற்றிச் செடியில் கட்டினேன்.

ஒக்டோபர் உறைபனியில் செடி கருகிச் செத்தது. பூக்கள் சிவப்பாகவே நின்றன. பொலிஸ்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இந்தக் குளிரிலும் பூக்கிறதே, விதை தருவீர்களா?" என்று கேட்டார்.